காதுக்குள் இரைச்சல், கையில் பதவி விலகல் கடிதம்

கேள்வி: மருத்துவமனை ஒன்றில் அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இயந்திரச் சத்தத்தால் காதில் ஓயாத இரைச்சல், தலைவலி, தூக்கமின்மை. புகார் செய்தால் மேற்பார்வையாளர் கேலி செய்கிறார். வேறு பிரிவுக்கு மாற்றமும் இரண்டு மாதச் சம்பளமும் தருவதாகக் கூறி, இனி இழப்பீடு எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிய ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: மேற்பார்வையாளரைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை ஒதுக்கி வைக்கிறேன், அவற்றால் இழப்பீடு ஒரு வெள்ளிகூட உயராது. நீங்கள் சொல்பவற்றோடு தொடர்புடையதாகச் சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டிருப்பது சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பைத்தான். தலைவலியும் தூக்கமின்மையும் அதில் இல்லை. ஆகவே, உங்கள் காது எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கியது என்பது மட்டுமே இங்கே கேள்வி. நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரம்பு. 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டே மணி நேரம். வார்டுகளின் சத்தம் தாதியரை எவ்வளவு வாட்டினாலும் இந்த அளவைத் தொடுவது அரிது. கருவிகளை உலர்த்தும் அழுத்தக் காற்று தொடக்கூடும். ஆனால் நீங்களே கைத்தொலைபேசிச் செயலியால் அளந்தால், அது காட்டும் எண்ணை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

உங்களைப் போன்றவர்கள் சறுக்கும் இடம் பதவி விலகல். கோபத்தில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பல மாதங்கள் கழித்துச் செவிப் பரிசோதனை முடிவோடு என்னிடம் வருவோரைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் இயந்திரம் மாற்றப்பட்டிருக்கும், அந்தக் கால அளவீடு கிடைக்காது, எதிர்த்தரப்போ வயதையும், காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவியையும் காரணமாகக் காட்டும். எனவே வேலையில் இருக்கும்போதே, சத்தமில்லாத இடத்தில் ஓய்வெடுத்தபின், நிபுணரிடம் செவிப் பரிசோதனை செய்துகொண்டு, நிர்வாகத்தின் சத்த அளவீட்டு அறிக்கையையும் எழுத்து மூலம் கேளுங்கள். வரம்பு மீறிய இடத்தில் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய செவிப் பரிசோதனை உங்களுக்கு நடக்கவில்லையென்றால், உங்கள் கையில் இருக்கும் பலமான துருப்பு அதுவே. ஆனால் தொடக்கநிலைச் செவிச் சேதத்துக்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடைப்பதில்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இன்று கையெழுத்திடாதீர்கள். இழப்பீட்டுச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பகுதி மட்டும் சட்டப்படி செல்லுபடியாகாது. ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் அலட்சியத்துக்காக வழக்குத் தொடுக்கும் உரிமையை அதே தாள் பறித்துவிடலாம். இந்த இரண்டு வழிகளில் ஒன்றில் மட்டுமே பணம் பெற முடியும், அவகாசமும் வெவ்வேறு: முன்னதற்கு ஓராண்டு, பின்னதற்குப் பொதுவாக மூன்றாண்டு.

பரிசோதனையில் செவித்திறன் இழப்பு சிறிதளவே எனத் தெரிந்தால், வழக்கை மறந்துவிட்டு, உரிமையைக் கைவிடும் வரியை நீக்கச் சொல்லி இடமாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். வரியை நீக்க மறுத்தால், இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு இடமாற்றத்தை மட்டும் கேளுங்கள்.