பறவைக்கு ஓர் இறுதிச்சடங்கு

கேள்வி: 'தி ஆபீஸ்' அமெரிக்கத் தொடரின் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைப் பார்த்துச் சிரிக்கத்தான் உட்காருகிறேன். பாதியிலேயே மனம் கனத்துவிடுகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: எனக்கும்தான். 2006இல் வந்த ஓர் அத்தியாயம். மைக்கேலின் முன்னாள் மேலாளர் இறந்துவிடுகிறார். ஊழியர்கள் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அதுதான் மைக்கேலை உலுக்குகிறது: நாளை நான் போனாலும் இவர்கள் இப்படித்தான் இருப்பார்களோ? ஆளாளுக்குத் தங்கள் வீட்டு இழப்பைச் சொல்லுங்கள் என்று வற்புறுத்துகிறார். அவர்களோ சினிமாக் கதைகளைச் சொந்தச் சோகமாக அளந்துவிடுகிறார்கள். (வயிறு வலிக்கச் சிரித்தேன், மறைப்பானேன்!) கடைசியில், கண்ணாடிக் கதவில் மோதிச் செத்த பறவைக்கு எல்லோரும் கூடி இறுதிச்சடங்கு. தனியாகச் செத்தாலும் அது தனிமையில் இருக்கவில்லை, அதன்மீது அன்பு வைத்த பறவைகள் இருந்திருக்கும் என்கிறார் அலுவலக வரவேற்பாளர் பேம். அவர் பேசுவது பறவையைப் பற்றியல்ல.

2001இல் தொடங்கிய பிரிட்டன் மூலத் தொடரின் மேலாளர் டேவிட் பிரென்ட் இன்னும் பரிதாபம். ஓயாமல் ஜோக்கடித்தவர், வேலை போகும்போது கெஞ்சுகிறார். பார்க்கவே கூசும்.

இவ்வளவு பரிந்து பேசுகிறேனே தவிர, இருவரில் ஒருவர் எனக்கு மேலாளராக வந்தால் அன்றே மாற்றல் கேட்டுவிடுவேன்.