ஒரே மாடல், ஆறு வருடம்: ஏற்காடு ஷூட் கேள்வி பதில்

சேலத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் ஃபேஷன் படங்களில் பாதிக்கு மேல் ஒரே பெண்தான் இருப்பார். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ஒரே முகத்தை எடுத்துச் சலிக்கலையா அண்ணா?

புதிதாக ஒருவர் வந்தால் கூச்சம் போகவே ஒரு மணி நேரம் ஓடிவிடும். இவரிடம் "கிளியூர் அருவியில நின்ன மாதிரி" என்றால் போதும், தோள் தானாக இறங்கும். ஆனால் பழக்கம் சோம்பேறியாகவும் ஆக்கும். இடப்பக்கம் நன்றாக வருகிறது என்று இரண்டு வருடம் அதையே எடுத்தேன். "அண்ணா, எனக்கு வலது காதும் இருக்கு" என்று அவரே சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்போதெல்லாம் முதல் பத்துப் படம் வலப்பக்கம்தான்.

பனிமூட்டத்தில் எடுத்தால் எல்லாம் சாம்பலாக வருகிறதே?

வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) ஏற்றுங்கள். மாடல் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும், தள்ளிப் போனால் முகம் கரைந்துவிடும். கேமரா மேல் ஃபிளாஷ் மாட்டி அடித்தால் நீர்த்துளிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், பக்கவாட்டில் வையுங்கள். இன்னொன்று, ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, பதினைந்தாவதிலேயே நான் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுவேன்.

காபித் தோட்டத்தில் முகம் பச்சையாக வருகிறது. அந்த வெண்பட்டுப் படத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?

மேலே சில்வர் ஓக் மரம், சுற்றிலும் காபி இலை. முகத்தில் விழுவது பாதி இலையின் பச்சைதான். கணினியில் பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தாவைக் கூட்டலாம், ஆனால் உதடும் சேர்ந்து மாறும். முகத்துக்குக் கிட்ட வெள்ளைத் தெர்மோகோல் பிடிப்பதே மேல்.

அந்தப் படம் என் மாடலின் யோசனை. காபி மார்ச், ஏப்ரலில் மழை விழுந்த சில நாளில் வெள்ளை வெளேரென்று பூக்கும், நாலைந்து நாளில் வாடிவிடும். சேலம் வெண்பட்டு என்றாலே வேட்டிதான், அதையே சேலை மாதிரி சுற்றிக்கொள்கிறேன் என்றார். வெள்ளை மேல் வெள்ளை! எனக்கு நம்பிக்கையே இல்லை. மேகம் மறைக்கும் வரை காத்திருந்து, பட்டின் மடிப்பு தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, முகத்துக்கு மட்டும் தெர்மோகோல் வெளிச்சம் கொடுத்தோம். மடிப்பு ஒருமுறை வெளிறிப்போனால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அப்புறம், தோட்டக்காரரிடம் முதல் நாளே அனுமதி கேளுங்கள். பூ உதிர்ந்தால் அவருக்கு விளைச்சல் நஷ்டம்.

படம் யாருக்குச் சொந்தம்?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவருக்கு. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவருக்கு. ஆனால் படம் என்னுடையது என்பதற்காக மாடலின் முகத்தை விளம்பரத்துக்கு விற்கக் கூடாது. ஒருமுறை ஒரு கடைக்காரர் கேட்காமலே ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார். பேருந்தில் போன மாடலின் அம்மா பார்த்துவிட்டு எனக்குத்தான் போன் செய்தார். தப்பு என்னுடையது, எதையும் எழுதி வாங்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஷூட்டுக்கும் ஒரு பக்கத் தாள், எங்கே எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று, இருவர் கையெழுத்தோடு.

என்ன லென்ஸ்?

85 எம்எம். முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் தம்பி.