ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சியில சேரச் சொல்லினம், அம்மாவச் சேர்க்கலாமோ?

அம்மாவ வச்சு பரிசோதிச்சுப் பாக்கப் போகினமோ எண்டு நீங்கள் பயப்பிடுறது விளங்குது, ஆனா சரியா ஆராயாமல் குடுக்கிற மருந்துதான் சிலநேரம் கூட ஆபத்து. ஹார்ட் அட்டாக் வந்த ஆக்களுக்கு இதயம் இடைக்கிட தப்பித் துடிக்கும், அதை அடக்கினா உயிர் தப்பும் எண்டு நம்பி 80களில என்கனைட், பிளெக்கனைட் எண்ட குளிசையள் குடுத்தவை, ஈசிஜியும் வடிவாத்தான் வந்தது. பிறகு அமெரிக்காவில காஸ்ட் எண்ட ஆராய்ச்சியில குலுக்கல் முறையில ஆக்களப் பிரிச்சு, 755 பேருக்கு இந்த மருந்தும் 743 பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் குடுத்துப் பாத்தா, மருந்து எடுத்த பக்கம் 63 பேர் செத்துப்போச்சினம், மற்றப் பக்கம் 26 பேர்தான். 1991 இல வெளிவந்த முடிவு இது. இப்பிடி ஒப்பிட்டுப் பாக்காமல் எவ்வளவு அனுபவமுள்ள டொக்டருக்கும் இது பிடிபட்டிராது, ஏனெண்டா ஹார்ட் அட்டாக் வந்தவை சாகிறது ஒண்டும் புதினமில்லையே, மருந்தை ஆர் சந்தேகப்படுறது?

கையெழுத்து வைக்க முதல் அம்மாவும் பக்கத்தில இருக்கேக்க கேளுங்கோ: எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சியில சேருற ஆக்களுக்கு அநியாயம் நடக்காமல் பாக்கிற குழு) அனுமதி இருக்கோ (யாழ் மருத்துவ பீடத்திலயும் அப்பிடி ஒண்டு இருக்கு), சேராட்டி வழமையான வைத்தியம் அப்பிடியே கிடைக்குமோ, இடையில விலகலாமோ. தமிழில உள்ள விளக்கத் தாள வீட்ட கொண்டுபோய் ஆறுதலா வாசியுங்கோ. விருப்பமில்லாட்டி தயங்காமல் வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அதுக்காக அம்மாவின்ர கிளினிக்க ஒருத்தரும் நிப்பாட்டக் கூடாது.