குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கிறோம். வாகனம் நிறுத்துவதில் வந்த வாக்குவாதத்தில் என் தம்பி பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் கையால் அடித்து, அவருடைய முச்சக்கரவண்டியின் முன்கண்ணாடியையும் உடைத்துவிட்டான். வயது 23. முன்பு வழக்கு எதுவும் இல்லை. இப்போது பிணையில் இருக்கிறான். "குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிடு, அன்றோடு முடிந்தது" என்கிறார்கள் தெரிந்தவர்கள். அவன் வளைகுடா வேலைக்கு முயற்சி செய்கிறான். பக்கத்து வீட்டுக்காரரும் சமாதானத்துக்கு இறங்கி வருவார் போலத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த வழக்குத் தவணையில் அவசரப்பட்டுக் குற்றத்தை ஏற்க வேண்டாம். தண்டப்பணம் கட்டினால் வழக்குதான் முடியும். குற்றவாளியாகக் காணப்பட்ட பதிவு முடியாது. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் இந்த "அன்றோடு முடிந்தது" அறிவுரையை நம்பி, இளம் பிள்ளைகள் எத்தனையோ பேர் தங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நமது தண்டனைச் சட்டக்கோவையில் மரண தண்டனை, கடூழியச் சிறை, சாதாரண சிறை, சொத்துப் பறிமுதல், தண்டப்பணம் ஆகியவை உள்ளன. மரண தண்டனை 1976க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை. கசையடி 2005இல் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. உங்கள் தம்பியின் விஷயத்தில் பேச்சு சிறை, தண்டப்பணம் இரண்டைப் பற்றித்தான். அதிலும் வெறுங்கையால் அடித்ததற்கும் ஆயுதத்தால் தாக்கியதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆகவே குற்றப்பத்திரத்தில் எந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கையால் அடித்ததற்கு ஆயுதப் பிரிவு போடப்பட்டிருந்தால், சட்டத்தரணி முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

இனி சமாதானத்துக்கு வருவோம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 266ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவரின் சம்மதத்துடன் இணக்கமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. சிறு காயம் விளைவித்தல் அவற்றில் ஒன்று. அப்படி இணங்கி முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலைக்குச் சமம். உங்கள் தம்பிக்கு இதைவிட நல்ல முடிவு வேறு கிடையாது.

அதற்கு நல்ல இடம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலை போன்ற பொது இடங்களில் கூடுகின்றன. இரு தரப்பாரும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சட்டத்தரணிகள் அங்கே ஆஜராக முடியாது. தீர்ப்பும் கிடையாது. தம்பியே உட்கார்ந்து, அடிபட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அன்று அவருடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்களா, எத்தனை நாள் ஓட்டம் இல்லாமல் வண்டி நின்றது, அந்த வருமானத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அங்கே பேசப்படும். நீதிமன்றத்தில் இவற்றுக்கு நேரமே கிடைப்பதில்லை. தண்டப்பணமோ அரசாங்கத்துக்குத்தான் போகும், கண்ணாடி உடைந்தவருக்கு அதில் ஒரு சதமும் போகாது. பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தாலும் எனக்கு இந்த வழிதான் நியாயமாகப் படுகிறது.

இணக்கம் ஏற்பட்டால் எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். கண்ணாடிக்கான பில் தொகை, மருந்துச் செலவு, வண்டி ஓடாத நாட்களுக்கான நட்டஈடு, தவணையாகக் கட்டுவதானால் ஒவ்வொரு திகதியும் அதில் இருக்கட்டும். "மீதியைப் பிறகு பார்ப்போம்" என்று விட்ட இடத்தில்தான் அடுத்த சண்டை தொடங்குகிறது. தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் மனதார இணங்க வேண்டும். ஊர்ப் பெரியவரையோ அரசியல்வாதியையோ அனுப்பி அழுத்தம் கொடுத்தால் அது சமாதானம் அல்ல. பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம். தம்பியின் பிணையும் போய்விடக்கூடும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, இணக்கம் வராவிட்டால்? அப்போதும் சிறைதான் என்று பயப்படத் தேவையில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி வயது, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று பதியாமலே எச்சரித்தோ நன்னடத்தைப் பிணைமுறி பெற்றோ நீதவான் விடுவிக்கலாம். சட்டத்தரணி இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தொழில் வழங்குநரின் கடிதம், படிப்புச் சான்றிதழ், கண்ணாடிக்குப் பணம் கொடுத்த பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள். அடுத்தது, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை. சிறைக்குப் பதிலாக, சம்பளமில்லாமல் பொது வேலை செய்வது. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையைக் கடைசியாக வையுங்கள். வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் குற்றத்தீர்ப்பு நிற்கும். ஒத்திவைக்கப்பட்ட காலத்துக்குள் சிறையிடக்கூடிய இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் உயிர்பெறும்.

ஒருவேளை தண்டப்பணம்தான் விதிக்கப்பட்டு, கையில் பணம் இல்லையென்றால், தவணையாகக் கட்ட அன்றே நீதிமன்றத்தில் அனுமதி கேளுங்கள். நமது சிறைகளுக்குள் அனுப்பப்படுகிறவர்களில் பெருந்தொகையானோர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள்.

வழக்கு சிங்களத்தில் நடந்தால் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தவணை தொடங்கும்போதே கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால், குற்றப்பத்திரப் பிரதியுடனும் குடும்ப வருமான விபரத்துடனும் தவணைக்குச் சில நாட்கள் முன்னதாகவே புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.