விரிவாக்கப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பொது அறிவு போதவில்லை என்று பெற்றோர் பதறும்போது முதலில் வீட்டுக்குள் நுழைவது வினா-விடைப் புத்தகம்தான். சிபியு என்பதன் விரிவாக்கம் என்ன, ராம் என்பதன் விரிவாக்கம் என்ன என்று பக்கம் பக்கமாக இருக்கும். பிள்ளையும் ஒப்பிக்கும். ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரி’ என்று கடகடவென்று சொல்லும் அதே பிள்ளைதான் ‘என் போன்ல 128 ஜிபி ராம்’ என்றும் சொல்லும்; அது உண்மையில் ஸ்டோரேஜ். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

அந்தப் பட்டியல்களில் கட்டுக்கதையும் கலந்திருக்கிறது. கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே ‘காமன் ஆப்பரேட்டிங் மெஷின்...’ என்று நீளமாக ஒரு விரிவாக்கம் போட்டிருப்பார்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. கணக்கிடுவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இயந்திரம் வருவதற்கு முன்பு உட்கார்ந்து கணக்குப் போட்ட மனிதர்களையே அப்படி அழைத்தார்கள். ‘வைட்டல் இன்ஃபர்மேஷன்...’ என்று வைரஸுக்குச் சொல்வதும் பிற்பாடு ஒட்டவைத்ததுதான். தன்னைத்தானே படியெடுத்துப் பரவுகிறது என்பதால் கிருமியின் பெயரை வைத்தார்கள், அவ்வளவே.

முதலில் பிடிபட வேண்டியது ராமுக்கும் ஸ்டோரேஜுக்கும் உள்ள வித்தியாசம். ஃபைல் ஹார்ட் டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ கிடக்கிறது. திறந்ததும் அதன் பிரதி ராமுக்கு வருகிறது. நாம் தட்டுவதெல்லாம் அங்கேதான் சேர்கிறது. சேவ் கொடுத்தால்தான் டிஸ்குக்குத் திரும்பும். நடுவில் கரண்ட் போனால் ராமில் இருந்தது போச்சு. இதை வாயால் சொல்வதைவிடக் கண்ணில் காட்டுவது மேல். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரவுசரில் இருபது டேப் திறக்கச் சொல்லுங்கள். கோடு ஏறும். ராம் நிரம்பினால் சிஸ்டம் உடனே நின்றுவிடாது. கொஞ்சத்தை டிஸ்குக்குத் தள்ளிவிட்டுச் சமாளிக்கும். டிஸ்க் ராமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால் எல்லாமே இழுக்க ஆரம்பிக்கும். ‘ஹேங் ஆகுது’ என்று நாம் அலுத்துக்கொள்வது பல நேரம் இதைத்தான்.

அடுத்து அலகுகள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இந்த ஒரு வரி தெரியாமல்தான் இணைய இணைப்பில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை வருகிறது. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். டவுன்லோட் ஆகும்போது திரையில் ஓடுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 12.5, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இதேபோல 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 என்று தெரியும். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 107 கோடியே 37 லட்சம் பைட் என்று எண்ணுகிறது. இரண்டும் ஒரே டிஸ்க்தான், அளக்கிற படிதான் வேறு.

பைட் கணக்கு நிஜமாகவே கைகொடுக்கும் இடம் ஆன்லைன் விண்ணப்பம். புகைப்படம் 200-க்கு 230 பிக்சல், 20 கேபிக்கு மேல், 50 கேபிக்குள் என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் முட்டி மோதுவது இங்கேதான். போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 பிக்சல், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் 36 மெகாபைட் தகவல்; ஜேபெக் (ஜேபிஜி) என்ற பட வகை அதைச் சுருக்கிச் சில மெகாபைட்டாகத் தருகிறது. அளவைக் குறைக்காமல் தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குள் திணித்தால் முகம் கட்டம் கட்டமாகத் திட்டுப் பிடிக்கும். படத்தை வெட்டாமல் அளவை மட்டும் 200, 230 என்று மாற்றினால் முகம் ஒடுங்கி நீண்டுபோகும். ஆகவே முதலில் 20-க்கு 23 என்ற விகிதத்தில் வெட்ட வேண்டும், பிறகு பிக்சலைக் குறைக்க வேண்டும், கடைசியாகத்தான் ஜேபெக் தரத்தைத் தொட வேண்டும். 200-க்கு 230 என்பது 46,000 புள்ளிதான். சுருக்காமலே 138 கேபிக்குள் அடங்கிவிடுவதால் 50 கேபிக்குக் கொண்டுவருவது சுலபம், முகமும் தெளிவாக இருக்கும்.

இன்னொரு தவறு, பிஎன்ஜி என்ற வேறு வகைப் பட ஃபைலின் வாலை, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவதை, ஜேபிஜி என்று மாற்றிவிட்டு வகையே மாறிவிட்டதாக நினைப்பது. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது. சோதித்துப் பார்க்கும் தளம் நிராகரித்துவிடும். எடிட்டரில் திறந்து ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வாலை விண்டோஸ் தானாகவே மறைத்து வைத்திருக்கும். வியூ அமைப்பில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் காட்டும்படி முதல் நாளே மாற்றி வையுங்கள். ‘ரிசல்ட்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று வரும் வில்லங்கம் (இஎக்ஸ்இ என்றால் திறந்ததும் ஓடும் புரோகிராம்), வால் மறைந்திருந்தால் அப்பாவி பிடிஎஃப் போலவே தெரியும்.

எக்செல் தெரியும் என்று பயோடேட்டாவில் எழுதுகிற பிள்ளைக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு கட்டத்தில் 16 இலக்க எண்ணைத் தட்டச் சொல்லுங்கள். கடைசி இலக்கம் சுழியமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். சுழியத்தில் தொடங்கும் எண்ணின் முதல் சுழியமும் காணாமல் போகும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் போனதுதான். அலுவலகத்தில் இந்தப் பிழை ஒரு பட்டியல் முழுவதையும் கெடுத்துவிடும் என்பதால், ஃபார்முலாக்களுக்கு முன்பு இதைக் கற்பிப்பேன்.

தமிழில் தட்டும் பிள்ளைக்கு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் அவசியம். ‘தமிழ்’ என்று எழுதினால் நமக்கு மூன்றெழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு; அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் எண்ணைச் சேமித்துவிட்டு அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது அதனால்தான்.

வரலாற்றுக்கு ஒரு மாலை போதும். எனியாக் கம்ப்யூட்டர் 1946, டிரான்சிஸ்டர் 1947, இன்டெல் 4004 சிப் 1971. இதில் மாணவர்கள் சறுக்குவது இன்டர்நெட்டையும் வெப்பையும் (பிரவுசரில் திறக்கும் இணையப் பக்கங்களையும்) ஒன்றாக்குவதில். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969-இல். ‘லாகின்’ என்று தட்டத் தொடங்கி முதல் இரண்டு எழுத்து போனதும் சிஸ்டம் படுத்துவிட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ வெப்பை முன்மொழிந்தது 1989-இல். இன்டர்நெட் சாலை, வெப் அதில் ஓடும் வண்டிகளில் ஒன்று, மின்னஞ்சல் இன்னொன்று.

அடிப்படை வகுப்பில் சேர்க்கலாமா என்பதுதான் பெரும்பாலோர் கடைசியில் கேட்பது. மேலே சொன்ன படம், எக்செல், ஃபைல் வால் மூன்றையும் பிள்ளை தானாகச் செய்துவிட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சேர்ப்பதானால் சான்றிதழின் மாதிரியைக் கேட்காதீர்கள். ஒரு மணி நேர வகுப்பில் எத்தனை நிமிடம் பிள்ளை தனியாக ஒரு கம்ப்யூட்டர் முன் உட்காரும் என்று கேளுங்கள். ஒரு மெஷினுக்கு மூன்று பேர் என்றால், மவுஸ் ஒருவர் கையில், மற்ற இருவரும் வேடிக்கை.