கட்டிதான் போய்விட்டதே, பிறகு கரண்ட் எதற்கு?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: அம்மாவுக்கு 56 வயது. இடது மார்பகத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியை மட்டும் சத்திரசிகிச்சையில் அகற்றினார்கள். காயம் ஆறிவிட்டது. இப்போது மட்டக்களப்பில் 15 நாட்கள் கதிர்ச் சிகிச்சை, பேச்சு வழக்கில் ‘கரண்ட்’, என்கிறார்கள். கட்டி போன பிறகு கரண்ட் எதற்கு என்று அம்மா மறுக்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். அவனைத் தூக்கலாமா என்ற பயமும் இருக்கிறது.

பேரனை முதலில் சொல்லிவிடுகிறேன்; அம்மாவை உள்ளுக்குள் அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். தாராளமாகத் தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருபவரின் உடம்பிலிருந்து கதிர் வீசுவதில்லை அல்லவா? வெளியிலிருந்து கொடுக்கும் இந்தச் சிகிச்சையும் அப்படித்தான். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும்.

இனி அம்மாவின் கேள்வி. கத்தி எடுத்தது கண்ணுக்குத் தெரிந்ததை. மீந்திருக்கும் மார்பகத்தில் எந்த ஸ்கேனுக்கும் அகப்படாத புற்றுநோய் உயிரணுக்கள் ஒளிந்திருக்கக்கூடும். கட்டியை மட்டும் அகற்றிய 10,801 பெண்களைப் பற்றிய 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் ஒரு கணக்கு வெளியானது. கதிர்ச் சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு 35 பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியிருந்தது. பெற்றவர்களில் அது 19 பேர். அம்மாவிடம் இந்த இரண்டு எண்களையும் அப்படியே சொல்லுங்கள்.

முதலில் ஒரு சிடி ஸ்கேன் எடுத்து இடத்தை அளந்து, தோலில் சிறு புள்ளிகள் இடுவார்கள். மை என்றால் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. பிறகு வாரத்தில் ஐந்து நாள். அறையில் இருப்பது கால் மணித்தியாலம். அதில் கதிர் பாய்வது சில நிமிடங்கள்தான். வலிக்காது. ஆனால் கையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகிப்போன பலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறும் பயிற்சியை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். இடது பக்கம் என்பதால் இதயத்தைக் காக்க மூச்சை அடக்கச் சொல்லக்கூடும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

தோல் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் சிவக்கும், கறுக்கும். சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் கூடிவிட்டுத்தான் தணியும். ‘முடிந்த பிறகும் எரிகிறதே’ என்று கலங்குபவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குளிக்கலாம்; வெந்நீர் வேண்டாம், மென்மையான சவர்க்காரம், ஒற்றித் துடைத்தல். அரைத்த மஞ்சள், வேப்பிலை, நல்லெண்ணெய், பவுடர் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். தளர்ந்த பருத்திச் சட்டை போதும். கச்சான் காற்று வீசும் மாதமென்றால் தோல் இன்னும் காயும். கிளினிக்கில் தரும் கிரீமை மட்டும் பூசுங்கள்.

சாப்பாட்டில் அயலவர்கள் ‘கிரந்தி’ என்று மீனையும் இறாலையும் தடுப்பார்கள். ஒவ்வாமை இல்லாவிட்டால் தடுக்கக் காரணமில்லை. புண்பட்ட தோல் ஆற மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும். பத்தியம் பிடித்து மெலிந்துபோவதுதான் கெடுதி.

நான் கண்டிப்பாக இருப்பது ஒரு விடயத்தில். தோல் எரிகிறது, உடம்பு அசதி என்று பத்தாம் நாளில் வீட்டில் இருந்துவிடாதீர்கள். கதிரைப் பல நாட்களாகப் பிரிப்பதே, இடைவேளையில் நல்ல உயிரணுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளட்டும் என்றுதான். புற்றுநோய் உயிரணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. ஆனால் இடைவெளி நீண்டால் அவையும் தலையெடுக்கும். சனி, ஞாயிறு ஓய்வு கணக்கில் உள்ளதுதான். இயந்திரம் பழுதாகி ஒரு நாள் தவறினால் அதை எப்படி ஈடுசெய்வது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால், கரையில் நின்று கும்பிடட்டும். வெடித்த தோலுக்குக் குளத்து நீர் ஆகாது.

காய்ச்சல், காயத்தில் சீழ், கை வீக்கம் என்றால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குள் வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், கதிர்ச் சிகிச்சை பெற்றதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.