சாப்பிட்டதை மறந்து மீண்டும் உணவு கேட்கும் மாமியார்

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் மாமியாருக்கு 76 வயது. இரண்டு ஆண்டுகளாக அல்சைமர் மறதி நோய்க்கும் சிகிச்சை பெறுகிறார். காலையில் இட்லி சாப்பிட்ட அரை மணி நேரத்திற்குள், "எனக்கு யாரும் எதுவும் தரவில்லை" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். இரவில் எழுந்து பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி இந்நோயில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுவதால், சாப்பிட்டது அவர் மனத்தில் தங்குவதில்லை. "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்" என்றால், பசியோடு இருப்பவருக்கு உணவை மறுப்பதாகவே அவருக்குத் தோன்றும். "இதோ வைக்கிறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் பூ தொடுக்கவோ கீரை ஆயவோ அழைத்துப் பாருங்கள். பல வேளைகளில் அந்தக் கேள்வி அப்படியே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அதற்காக அன்றைய மொத்த அளவைக் கூட்டாமல், வேளைகளை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்: நான்கு இட்லி சாப்பிடுபவருக்கு முதலில் இரண்டு, மீண்டும் கேட்கும்போது இரண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்பதால், இந்த மாற்றத்தை மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். சட்னி ஒட்டிய தட்டை உடனே கழுவாமல் சற்று நேரம் அவர் முன்னால் வைத்திருப்பதும் சிலருக்கு உதவுகிறது.

எல்லாப் பசியும் மறதியால் வருவதன்று. சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் பசிக்கும். பசியோடு வியர்வையும் நடுக்கமும் இருந்தால் உடனே குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பாருங்கள், 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் தாமதிக்காமல் சர்க்கரை கரைத்த நீர் கொடுங்கள். ஓலன்சபின், மிர்டாசபின் போன்ற மனநல மருந்துகளும் பசியைத் தூண்டக்கூடும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. இனிப்பின் மீது திடீர் மோகம், வாய் நிறையத் திணித்துக்கொள்ளுதல் ஆகியவை மூளையின் முன்பகுதி பாதிப்பைக் காட்டக்கூடும் என்பதால், நரம்பியல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். புரையேறும் ஆபத்தும் இதில் உண்டு.

பிஸ்கட் டப்பாவை அவர் பார்க்காத நேரத்தில் அப்புறப்படுத்திவிட்டு, இரவில் கைக்கெட்டும் இடத்தில் மெல்லிதாக நறுக்கிய வெள்ளரிக்காயை வையுங்கள். உணவென்று எண்ணி வாயில் வைத்துவிடக்கூடிய சோப்பு, பினாயில் போன்றவை கண்ணில் படவே கூடாது.

பக்கத்து வீட்டாரிடம் நோயைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விவரம் தெரியாமல் அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுக்கும் காபியும் பலகாரமும்தான் சர்க்கரையை ஏற்றும். சமையலறையில் ஒரு நோட்டு வைத்து, யார், எப்போது, என்ன கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். மாத்திரையையும் அதிலேயே குறித்தால் ஒரே மாத்திரையை இருவர் கொடுத்துவிடும் ஆபத்து நீங்கும். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.